கொலோம்பேயின் கல்லறையும் தெ கோலின் உயிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நான் புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவன். என் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற சொல்தா. எங்கள் வீட்டுக் கூடத்தில், சாமி படங்களுக்கு எதிர்ச்சுவரில், பிரான்ஸின் முன்னாள் குடியரசுத் தலைவர் ஷார்ல் தெ கோலின் படம் ஒன்று இன்றும் தொங்குகிறது. தாத்தா அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதே இல்லை. ‘ழெனரால்’, அதாவது ஜெனரல் என்றுதான் சொல்வார்.

சென்ற இலையுதிர் காலத்தில் பாரிஸில் வசிக்கும் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, தாத்தாவின் நினைவாக, மருமகனை அழைத்துக்கொண்டு கொலோம்பே-லே-தெ-எக்லீஸ் கிராமத்துக்குப் போனேன். அவருடைய கல்லறையைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஊர்த் தேவாலயத்தை ஒட்டிய இடுகாட்டில் தட்டையான வெளிர்நிறக் கல், அதன்மேல் தாழ்வான ஒரு சிலுவை, மூன்று பெயர்கள், ஆண்டுகள். அவ்வளவுதான். தளபதி என்றோ குடியரசுத் தலைவர் என்றோ ஒரு சொல்கூட இல்லை. ஆனால் அருகிலிருக்கும் குன்றின்மேல் 44 மீட்டர் உயரத்தில் போர்க்காலத்தில் அவருடைய இயக்கத்தின் சின்னமாக இருந்த லொரேன் சிலுவை ஒன்று பிரமாண்டமாக நிற்கிறது. என் மருமகன் சிரித்துக்கொண்டே, “1969இல் மக்கள் தோற்கடித்துவிட்டார்கள் என்ற கோபத்தில், அரசாங்கமே என் சாவுக்கு வரக்கூடாது என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். இது எளிமை இல்லை மாமா, அகங்காரம்” என்றார்.

அவர் சொல்வது சரிதானா? போர்க்காலத்தில் நாட்டைக் காத்த தலைவர் என்று நாங்கள் கேட்டு வளர்ந்த மனிதரின் அரசியல் வாழ்வை இன்று எப்படி மதிப்பிடுவது? பிரான்ஸில் இளைஞர்கள் அல்ஜீரியாவைப் பற்றிப் பேசுவதைக் கேட்டபிறகு, கூடத்தில் அந்தப் படம் இருக்கலாமா என்றே எனக்கு ஐயம் வந்துவிட்டது.

அன்புடன்,
எம்., புதுச்சேரி

அன்புள்ள எம்.,

உங்கள் மருமகன் சொன்னதில் ஆண்டு தவறு. அந்த ஒரு தவறைத் திருத்தினாலே அவருடைய விளக்கம் பெரும்பாலும் கலைந்துவிடும் என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

தெ கோலின் உயில் 1952 ஜனவரி 16ஆம் தேதியிட்டது. 1969 வாக்கெடுப்பில் தோற்பதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பு, குடியரசுத் தலைவராவதற்கும் ஏறத்தாழ ஏழு ஆண்டுகளுக்கு முன்பு எழுதப்பட்டது. அப்போது அவருக்கு 61 வயது. பதவியை விட்டு விலகி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் தொடங்கிய கட்சி ஆட்சியைப் பிடிக்கவில்லை. உயிலின் ஒரு பிரதியைத் தன் உதவியாளராக இருந்த ழார்ழ் பொம்பிதுவிடமும், மற்றவற்றைத் தன் மகனிடமும் மகளிடமும் ஒப்படைத்தார். பொம்பிது அன்று அமைச்சரும் இல்லை, நாடாளுமன்ற உறுப்பினரும் இல்லை. 1970 நவம்பரில் அந்த உறையைப் பிரித்தபோது அவர் குடியரசுத் தலைவர். ‘குடியரசுத் தலைவர் வரவேண்டாம், அமைச்சர்கள் வரவேண்டாம்’ என்று எழுதப்பட்டிருந்த தாளை நாட்டுக்கு வெளியிட வேண்டிய கடமை, அந்த ஆணை யாரைத் தடுத்ததோ அவர் தலையிலேயே விழுந்தது.

1952 ஜனவரியில் அதை எழுத வைத்தது எது என்று அவர் எங்கும் விளக்கவில்லை. ஆனால் தேதியைக் கவனியுங்கள். ஜனவரி 11ஆம் தேதி, இந்தோசீனப் போரின் தளபதியாக இருந்த தெ லாத்ர் தெ தசிஞி இறந்தார். பாரிஸில் அரசு மரியாதையுடன் மாபெரும் இறுதி ஊர்வலம் நடந்தது. இறந்தபின் அவருக்கு மார்ஷல் பட்டமும் வழங்கப்பட்டது. அதே நாட்களில்தான் தெ கோல் தன் உயிலை எழுதுகிறார். அதன் கடைசிப் பகுதியில், பிரெஞ்சு அரசோ அயல்நாட்டு அரசோ தரும் எந்தப் பட்டத்தையும், பதவி உயர்வையும், விருதையும் முன்கூட்டியே மறுப்பதாகவும், மீறித் தந்தால் அது தன் கடைசி விருப்பத்துக்கு எதிரானது என்றும் குறிப்பிடுகிறார். தற்காலிக பிரிகேடியர் ஜெனரல் என்ற 1940ஆம் ஆண்டுத் தகுதியிலேயே அவர் இறுதிவரை இருந்தார். தாத்தா சொன்ன ‘ழெனரால்’ என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்தது ஒரு சில வாரப் போர்முனைப் பதவிதான் என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம்.

இன்னொரு மரணமும் அருகில் இருக்கிறது. 1951 ஜூலை 23 அன்று மார்ஷல் பிலிப் பெத்தேன், அட்லாண்டிக் கரையோரத்துச் சிறிய தீவான இல் தியேயில், கைதியாக, 95ஆம் வயதில் இறந்தார். தெ கோல் இளம் அதிகாரியாக முதன்முதலில் சேர்ந்த படைப்பிரிவின் தலைவர் அவர். முதல் உலகப் போரில் வெர்தானைக் காத்த வீரர். 1940இல் ஜெர்மனியிடம் போர்நிறுத்தம் கேட்டவர். 1945இல் மரண தண்டனை பெற்று, தெ கோலால் அது ஆயுள் தண்டனையாக்கப்பட்டவர். வெர்தானில் தன் வீரர்களோடு புதைக்கப்பட வேண்டுமென்பது பெத்தேனின் விருப்பம். அது நிறைவேறவில்லை. 1973 பிப்ரவரியில் அவருடைய ஆதரவாளர்கள் சவப்பெட்டியையே தோண்டித் திருடிச் சென்றார்கள். சில நாட்களில் பாரிஸுக்கு அருகே ஒரு கார் கொட்டகையில் அது கண்டெடுக்கப்பட்டு, மீண்டும் அதே தீவில் புதைக்கப்பட்டது. ஒரு தலைவரின் எலும்பு எங்கே கிடக்க வேண்டும் என்ற கேள்வி அந்த நாட்டில் எந்த அளவுக்கு அரசியலாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இப்போது உயிலுக்குத் திரும்புவோம். யாரை அது விலக்குகிறது என்பதையே எல்லோரும் பேசுகிறார்கள். யாரை அனுமதிக்கிறது என்பதில்தான் எனக்கு அக்கறை. அரசு இறுதிச்சடங்கு கூடாது. குடியரசுத் தலைவர், அமைச்சர்கள், அவைகளின் நிர்வாகிகள் கூடாது. நாடாளுமன்றத்தில் இரங்கல் உரை கூடாது. பிரெஞ்சுப் படைகள் மட்டும் படைகள் என்ற முறையில் வரலாம், அதுவும் மிகச் சிறிய அளவில், இசையோ எக்காளமோ இல்லாமல். தேவாலயத்தில் இடம் ஒதுக்கப்பட வேண்டியவர்கள் மூன்றே தரப்பினர்: குடும்பத்தார், விடுதலை விருதின் தோழர்கள், கொலோம்பேயின் ஊர்மன்றத்தினர். அதன்பின், பிரான்ஸையும் பிற நாடுகளையும் சேர்ந்த ஆண்களும் பெண்களும் விரும்பினால் தன் உடலுடன் மௌனமாக நடந்து வரலாம் என்கிறார்.

இந்த வரிசையில் நாடு இருக்கிறது, மக்கள் இருக்கிறார்கள், போர்வீரர்கள் இருக்கிறார்கள், ஊர் இருக்கிறது. அரசு என்ற ஒன்று மட்டும் இல்லை. நாடு வேறு, அந்த நேரத்தில் நாட்டின் பெயரால் கையெழுத்திடும் அரசு வேறு என்ற இந்தப் பிரிப்பை அவர் சாவுக்காகக் கண்டுபிடிக்கவில்லை. அவருடைய அரசியல் வாழ்க்கை முழுவதும் அதன்மேல்தான் நின்றது.

1940 ஜூன் மாதத்தை நினைத்துப் பாருங்கள். பிரதமர் ரெய்னோவின் அமைச்சரவையில் அவர் பாதுகாப்புத் துறைத் துணைச் செயலர். அந்தப் பதவியில் இருந்தது பத்துப் பன்னிரண்டு நாட்கள். ஜூன் 16 இரவு பெத்தேன் பிரதமரானார். மறுநாள் காலை தெ கோல் ஒரு பிரிட்டிஷ் விமானத்தில் லண்டனுக்குப் பறந்தார். ஜூன் 18 அன்று பிபிசி வானொலியில், போர் முடிந்துவிடவில்லை என்று பேசினார். அந்தப் பேச்சின் ஒலிப்பதிவு இன்று இல்லை. நாம் அடிக்கடி கேட்பது நான்கு நாட்கள் கழித்துப் பேசியது. சட்டப்படி பார்த்தால் அன்று நியாயம் முழுவதும் எதிர்த்தரப்பில் இருந்தது. ஜூலை 10 அன்று விஷி நகரில் கூடிய நாடாளுமன்ற உறுப்பினர்களில் 569 பேர் பெத்தேனுக்கு முழு அதிகாரம் வழங்கி வாக்களித்தார்கள். எதிர்த்தவர்கள் 80 பேர். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு ராணுவ நீதிமன்றம் தெ கோலுக்கு, அவர் இல்லாமலேயே, மரண தண்டனை விதித்தது. தேர்தலில் நின்றிராத, பெரிய பதவி வகித்திராத, 49 வயதுடைய ஒருவர், தன் நாட்டின் சட்டபூர்வ அரசைப் பார்த்து, “பிரான்ஸ் நீங்கள் இல்லை” என்று அயல்நாட்டு வானொலியில் சொன்னார். அதைத் துணிவு என்பதா, பைத்தியக்காரத்தனம் என்பதா என்பது போரின் முடிவு தெரிந்தபின் எளிதான கேள்வி. அன்று எளிதாக இருந்ததில்லை.

அவருடன் சேர்ந்தவர்கள் யார் என்பதும் கவனிக்கத்தக்கது. புகழ்பெற்ற தளபதிகளும் தூதர்களும் பெரும்பாலும் வரவில்லை. ஆப்பிரிக்காவில் சாட் பகுதியின் ஆளுநர் ஃபெலிக்ஸ் எபுவே, தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் பிறந்த கறுப்பினத்தவர், 1940 ஆகஸ்டில் தன் பகுதியை அவர் பக்கம் கொண்டுவந்தார். அடுத்த மாதம் உங்கள் ஊரிலிருந்து ஆளுநர் லூயி பொன்வேன் பிரெஞ்சிந்தியாவைத் தெ கோலின் சுதந்திர பிரான்ஸ் இயக்கத்துடன் இணைத்தார். புதுச்சேரியின் அந்த முடிவை முழுக்க வீரமாகச் சித்திரிக்க நான் தயங்குவேன். நான்கு புறமும் பிரிட்டிஷ் இந்தியா சூழ்ந்திருந்த ஊருக்கு விஷியிலிருந்து ஆண்ட பெத்தேன் அரசின் பக்கம் நிற்பது நடைமுறையில் இயலாத காரியம். ஆனாலும் லண்டனில் சில அறைகளும் சில ஆயிரம் வீரர்களும் மட்டுமே கொண்டிருந்த ஒருவருக்கு, வரைபடத்தில் ‘என்னுடன் இருக்கிறது’ என்று சுட்டிக்காட்ட ஓர் ஊர் கிடைத்ததன் மதிப்பைக் குறைத்துவிட முடியாது. உங்கள் தாத்தாவின் சுவரில் அந்தப் படம் ஏறியதற்கு இந்த வரலாறும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

இந்தக் காலத்தில் தன்னைப் பின்பற்றியவர்களுக்காக 1940 நவம்பரில் ஆப்பிரிக்காவின் பிராஸவீல் நகரில் தெ கோல் நிறுவியதுதான் விடுதலை விருது. அதைப் பெற்ற தனிநபர்கள் மொத்தம் 1,038 பேர். பெண்கள் அறுவர் மட்டுமே. தன் இறுதிச்சடங்கில் இடம் ஒதுக்கப்பட வேண்டும் என்று உயிலில் அவர் குறிப்பிடும் தோழர்கள் இவர்கள்தான்.

1944 ஆகஸ்ட் 25 அன்று விடுவிக்கப்பட்ட பாரிஸின் நகர மண்டபத்தில், குடியரசைப் பிரகடனம் செய்யுங்கள் என்று ஜெர்மானிய ஆக்கிரமிப்புக்கு எதிராகப் போராடிய எதிர்ப்பியக்கத்தின் சார்பில் ழார்ழ் பிதோ அவரைக் கேட்டுக்கொண்டபோது, அவர் மறுத்துவிட்டார். குடியரசு ஒருநாளும் இல்லாமல் போகவில்லை, எனவே புதிதாக அறிவிக்க எதுவும் இல்லை என்பது அவருடைய விடை. விஷி ஆட்சியின் நான்கு ஆண்டுகளையும் ஒரே சொல்லில் செல்லாதவை ஆக்கிய இந்த வாதத்தின் அழகை நான் ரசிக்கிறேன். அது ஒரு வசதியான மறதிக்கும் வழிவகுத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விஷியின் அதிகாரியாக, போர்தோ நகரத்து யூதர்களை நாடுகடத்த ஒத்துழைத்த மொரீஸ் பப்போன், தெ கோலின் ஆட்சியில் பாரிஸின் காவல் தலைவர். 1961 அக்டோபர் 17 இரவு, அமைதியாக ஊர்வலம் வந்த அல்ஜீரியர்களைப் பாரிஸ் வீதிகளில் அடித்தும் சுட்டும் சேன் ஆற்றில் வீசியும் கொன்ற காவலர்கள் அவருடைய கட்டளையின்கீழ் இருந்தவர்கள். பப்போனின் விஷிக் காலக் குற்றத்துக்கு 1998இல்தான் தண்டனை கிடைத்தது.

பிரெஞ்சு இளைஞர்கள் அல்ஜீரியாவைப் பற்றிப் பேசுவது நியாயமே. அவர்கள் இன்னும் பின்னாலும் போகலாம். 1944 டிசம்பரில் டக்கர் நகருக்கு அருகே தியாரொய் முகாமில் நிலுவைச் சம்பளம் கேட்ட ஆப்பிரிக்கச் சிப்பாய்களைப் பிரெஞ்சுப் படையே சுட்டது. 1945 மே மாதம் அல்ஜீரியாவின் செத்திஃபிலும் சுற்றுவட்டாரங்களிலும் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். இரண்டும் நடந்தபோது அரசின் தலைவர் தெ கோல். 1962இல் அல்ஜீரியாவை விட்டு வெளியேறியபோது, பிரான்ஸின் பக்கம் நின்று போரிட்ட அல்ஜீரியர்களான ஹர்க்கிகளில் பெரும்பாலோர் கைவிடப்பட்டார்கள்; அவர்களில் ஆயிரக்கணக்கானோர் பழிவாங்கலுக்கு இரையானார்கள். நாடு வேறு அரசு வேறு என்று 1940இல் சொன்னவரிடம், அந்த நாட்டுக்காகச் செத்தவர்களில் யாரெல்லாம் அந்த ‘நாட்டுக்குள்’ அடங்குவார்கள் என்று கேட்கும் உரிமை ஒரு சொல்தாவின் பேரனுக்கு நிச்சயம் உண்டு.

அரசியல் வாழ்வின் மற்ற பகுதிகளை விரைவாகக் கடக்கிறேன். 1946 ஜனவரி 20 அன்று, கட்சிகளின் பேரத்தோடு ஒத்துப்போக முடியாமல், தானே பதவி விலகினார். திரும்ப அழைப்பார்கள் என்ற அவருடைய கணக்கு பன்னிரண்டு ஆண்டுகள் பொய்த்தது. 1958 மே மாதம் அல்ஜியர்ஸில், அல்ஜீரியாவைக் கைவிடக்கூடாது என்று தளபதிகளும் குடியேறிய பிரெஞ்சுக்காரர்களும் கலகம் செய்ததால்தான் கதவு திறந்தது. நாடாளுமன்றம் 329க்கு 224 என்ற வாக்குகளில் அவரைப் பிரதமராக ஏற்றது. ஆனால் பாரிஸின்மேல் பாராசூட் படை இறங்குமோ என்ற அச்சத்தின் நடுவே அளிக்கப்பட்ட வாக்கு அது. அந்தக் கறையை நான் துடைக்க முயல மாட்டேன். தன்னைக் கொண்டுவந்தவர்கள் எதற்காகக் கொண்டுவந்தார்களோ அந்த அல்ஜீரியாவையே அவர் விட்டுக்கொடுத்தார் என்பதும், அதற்காக அவர்களில் சிலர் அவரைக் கொல்ல முயன்றார்கள் என்பதும், 1962 ஆகஸ்டில் பாரிஸுக்கு அருகே பெத்தி-கிளமாரில் அவருடைய கார்மீது பாய்ந்த குண்டுகள் மயிரிழையில் தவறின என்பதும் அந்தக் கறையோடு சேர்த்துப் படிக்க வேண்டிய பக்கங்கள்.

சர்வாதிகாரியா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விடை 1969. மேலவையையும் வட்டார நிர்வாகத்தையும் சீரமைக்கும் ஒரு திட்டத்தை, தோற்றால் விலகுவேன் என்று சொல்லி, ஏப்ரல் 27 அன்று பொதுவாக்கெடுப்புக்கு விட்டார். 52 விழுக்காட்டினர் எதிர்த்தார்கள். நள்ளிரவு கடந்ததும் இரண்டு வாக்கியங்களில் அறிக்கை வந்தது: குடியரசுத் தலைவர் பணியை நிறுத்திக்கொள்கிறேன், இம்முடிவு இன்று நண்பகல் நடைமுறைக்கு வருகிறது. கோபம் இருந்ததா? இருந்திருக்கும். ஆனால் அந்தக் கோபம் கல்லறையைத் தீர்மானிக்கவில்லை. கல்லறை ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டிருந்தது.

அதைத் தீர்மானித்தவர் யார் என்று கேட்டால், உயிலின் மூன்றாவது வாக்கியத்தைப் பாருங்கள். “என் கல்லறை, ஏற்கெனவே என் மகள் ஆன் துயிலும், ஒருநாள் என் மனைவியும் துயிலப்போகும் கல்லறையே.” நீங்கள் கல்லில் கண்ட மூன்று பெயர்களில் முதலில் அங்கே போய்ச் சேர்ந்தவள் அவள்தான். 1928 புத்தாண்டு நாளில் டவுன் குறைபாட்டோடு பிறந்தவள். அத்தகைய குழந்தைகளை வசதியுள்ள குடும்பங்கள் விடுதிகளில் மறைத்துவைத்த காலத்தில், தெ கோலும் மனைவி இவோனும் அவளைத் தங்களுடனேயே வைத்து வளர்த்தார்கள். 1934இல் கொலோம்பேயில் லா புவாஸ்ரி வீட்டை வாங்கியதில், அவளுக்கு அமைதியான ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. யாரிடமும் நெருங்கிப் பேசாத, ஆறடிக்குமேல் உயர்ந்த அந்த ராணுவ அதிகாரி அவளுக்காகப் பாட்டுப் பாடி, கைதட்டி ஆடிக்காட்டியதைப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1948 பிப்ரவரியில், இருபது வயதில், நுரையீரல் நோயால் அவள் இறந்தாள். அடக்கம் முடிந்தபின் மனைவியிடம் அவர் சொன்னதாக வழங்கும் சொற்கள்: “இப்போது அவளும் மற்றவர்களைப் போல ஆகிவிட்டாள்.”

எனவே மருமகனின் சொல்லை நான் பாதி ஏற்கிறேன். அரசை வாசலில் நிறுத்திய அந்த உயிலில் அகங்காரம் இருக்கிறது; ‘பெயரும் ஆண்டும் போதும்’ என்று சொல்ல, அந்தப் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்ற உறுதி வேண்டும். ஆனால் அதே உயில், மகளுக்குப் பக்கத்தில் இடம் கேட்கும் ஒரு தகப்பனின் விண்ணப்பமும்கூட. நாட்டின் பெருமக்களை அடக்கம் செய்யும் பாரிஸின் பாந்தேயோனில் அவரைக் கொண்டுபோய் வைத்திருந்தால் ஆன் இடுகாட்டில் தனித்திருந்திருப்பாள். 1964இல் எதிர்ப்பியக்கத் தலைவர் ழான் மூலனின் சாம்பலைப் பாந்தேயோனுக்கு மாற்றிய விழாவைத் தலைவராக முன்னின்று நடத்தியவர்தான் இவர். அந்த மாளிகையின் மதிப்பை அறியாதவர் இல்லை.

குன்றின்மேல் நிற்கும் சிலுவைக்கு அவர் பொறுப்பாளி இல்லை. அவர் இறந்தபின் எழுப்பப்பட்டு, 1972 ஜூன் 18 அன்று பொம்பிதுவால் திறந்துவைக்கப்பட்டது அது. அப்படியொரு சிலுவையைப் பற்றி உயிரோடிருந்தபோது பேச்சு வந்ததாகவும், அங்கே யார் இருக்கிறார்கள், முயல்களைத்தான் அது எதிர்ப்புப் போருக்குத் தூண்டும் என்று அவர் கேலி செய்ததாகவும் எழுத்தாளரும் அவருடைய அமைச்சராக இருந்தவருமான மல்ரோ பதிவு செய்திருக்கிறார்.

உயிலை அரசு எப்படி மீறாமல் மீறியது என்பது தனிக்கதை. 1970 நவம்பர் 12 அன்று பாரிஸின் நோத்ர்-தாமில் உலகத் தலைவர்கள் நிறைந்திருக்க ஒரு வழிபாடு நடந்தது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன் வந்திருந்தார், பொம்பிது முன்வரிசையில் இருந்தார், சவப்பெட்டி மட்டும் இல்லை. அதே நாளில் கொலோம்பேயில் ஒரு கவச வண்டி உடலைத் தேவாலயம்வரை கொண்டுவந்தது. ஊர் இளைஞர்கள் அதைத் தோளில் சுமந்தார்கள். பல்லாயிரக்கணக்கானோர் கூடியிருந்தும் உரை எதுவும் நிகழ்த்தப்படவில்லை.

கடைசியாக, படம். உங்கள் ஐயத்துக்கு இன்னொரு தேதியையும் சேர்த்துத் தருகிறேன். பிரெஞ்சிந்தியாவின் நிர்வாகம் 1954 நவம்பரிலேயே இந்தியாவிடம் வந்துவிட்டாலும், 1956இல் கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போட்டிருந்தது. அல்ஜீரியா விடுதலை பெற்றபின், தெ கோல் தலைவராக இருக்கையில்தான் அது ஏற்கப்பட்டு, 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுக்கு உரியதாயிற்று. எந்தக் குடியுரிமை என்பதை அதன்பிறகு உங்கள் ஊர்க் குடும்பங்கள் ஆறு மாதங்களுக்குள் முடிவுசெய்ய வேண்டியிருந்தது. உங்கள் தாத்தாவின் ழெனரால், தாத்தாவின் ஊரை விட்டுக்கொடுத்தவரும்கூட. படத்தை இறக்கவோ வைக்கவோ நான் சொல்ல மாட்டேன். அது உங்கள் வீட்டுச் சுவர். ஆனால் தாத்தா அதை எந்த ஆண்டில் மாட்டினார், 1962க்கு முன்பா பின்பா என்பது வீட்டில் மூத்தவர் யாருக்காவது நினைவிருந்தால் கேட்டு எழுதுங்கள். அறிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்